பிடுங்கினால் தெரிகிற டிஸ்க்

சின்னவள் வாடகை வண்டியை விட்டு இறங்கியபோது தெருவில் ஈ காக்கை இல்லை. மத்தியான வெயிலுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. தோளில் தொங்கிய பையில் இரண்டு நாளுக்கான துணி. கையில் இருந்த பைதான் கனம். அதில் கேபிள்கள், யூ.எஸ்.பி. ஹப், பொடிப்பொடி ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு காலி ஹார்ட் டிஸ்க், அவளுடைய லேப்டாப். ஓர் அலுவலகத்தின் சர்வர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. எங்கே போனாலும் அந்தப் பையும் போகும். "கல்யாணம் பண்ணிக்கச் சொன்னா பையக் கட்டிக்கிட்டு அழறா" என்று அக்காவே ஒரு காலத்தில் கிண்டல் செய்திருக்கிறாள். இன்று அதே அக்கா அந்தப் பையை நம்பித்தான் காத்திருந்தாள்.

அக்காவின் வீடு மாடியில். குறுகலான படியேறி, மணியை அழுத்தக் கை நீட்டியதுமே கதவு திறந்தது. அக்கா கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும். மருந்து வாடையும் டெட்டால் வாடையும் அவளுக்கு முன்னால் வெளியே வந்தன.

"மெதுவா வா," என்றாள் அக்கா. "அவரு இப்பத்தான் கண்ணசந்தாரு."

"அத்தான் ஏதாவது சாப்பிட்டாரா?"

"நேத்துலேருந்து குழாயில எதையும் ஊத்த விடல. கையத் தட்டி விட்டுடறாரு."

"குருவி எங்க?"

"ஸ்டோர் ரூம்ல. எந்நேரமும் அங்கதான். விடு, அது ஒண்ணாவது நிம்மதியா இருக்கட்டும்."

குருவி என்பது அக்காவின் மகளுக்குச் சின்னவள் வைத்த பெயர். ஏழு வயது. ஓயாத வாய். பிறந்ததிலிருந்தே இரண்டு கண்ணும் தெரியாது. இருட்டு வெளிச்சம் என்பதெல்லாம் அவளுக்கு ஊரார் பேசிக்கொள்கிற சங்கதி. அவளுடைய உலகம் முழுக்க ஓசைதான். படியில் கேட்கிற செருப்புச் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று சொல்லிவிடுவாள். அந்த உலகத்துக்கு நடுவில் ஒரு பெரிய குரல் இருந்தது. அது அவள் அப்பாவின் குரல்.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பிரேக் வாத்தியார் என்றால் அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படிக்க வந்தவர் வண்டியை நேராக லாரிக்கு அடியில் விடப் போனாலும் பக்கத்து சீட்டிலிருந்து அந்தக் குரல் உயராது. "லாரி எங்கயும் ஓடிடாது சார், நிதானமா பிரேக்கை மிதிங்க" என்று சொல்லும். அடித்தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு, அதற்கு மேல் ஒரு சிரிப்பு. அந்தக் குரல் பக்கத்தில் இருந்தால் குருவி தெரியாத தெருவிலும் கையை வீசிக்கொண்டு நடப்பாள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. உயிர் வேண்டுமா குரல் வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். அப்படிக் கேட்டால் யார்தான் என்ன சொல்ல முடியும்? குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை போட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒரு வழி சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டர் காட்டுகிற வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பதிவு செய்தால், அதை வைத்து ஒரு புரோகிராம் அவருடைய குரலையே செய்து கொடுக்கும். பிறகு எதை டைப் செய்தாலும் அதே குரலில் பேசும். வாத்தியார் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தார். ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் கம்பளியும் போர்வையும் தொங்கவிட்டு, வெளியிலிருந்து சத்தம் ஒரு பொட்டு நுழையாமல் செய்துகொண்டு, வலிக்கிற தொண்டையோடு வாக்கியம் வாக்கியமாகப் படித்தார். குரலும் தயாரானது. குருவியே அதைக் கேட்டு, "ஹை, ரெண்டு அப்பா" என்று கைதட்டினாள்.

அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. லேப்டாப்பில் இடம் நிறைந்துவிட்டது என்று வாத்தியார் எல்லாவற்றையும் வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினார். ஏற்றினார் என்றால் நகல் எடுக்கவில்லை. இங்கே வெட்டி அங்கே ஒட்டினார். அவருக்குக் கம்ப்யூட்டரும் காரும் ஒன்றுதான். சாமான் ஒரு டிக்கியிலிருந்து இன்னொரு டிக்கிக்குப் போனால், பழைய டிக்கி காலியாக இருப்பதுதானே முறை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்து டிஸ்க்கைச் செருகினால், கம்ப்யூட்டர் அப்படி ஒரு பொருளே இல்லை என்றது.

அதைவிடப் பெரிய இடி குருவி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மூச்சு விட்டால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அக்கா மகளின் கையைப் பிடித்து அவர் முகத்தில் வைத்தாள். மீசை இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விரல்கள் மோவாயைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கின. ஈரமான அந்தத் துளைக்குள் ஒரு விரல் நழுவியது. குருவி வீறிட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டதாம். "இது அப்பா இல்ல" என்றவள்தான், அதற்குப் பிறகு அவர் இருக்கிற அறைக்குள் கால் வைக்கவில்லை. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை வாங்கி வந்தார்கள். அது வண்டு மாதிரி ரீங்கரித்தது. அதைக் கேட்டதும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம்.

நேற்று வாத்தியார் சிலேட்டில் அக்காவுக்கு எழுதிக் காட்டியிருந்தார்: அவளுக்கே நான் இல்லை என்றால், இந்த உயிரை யாருக்காகக் கட்டி இழுக்க வேண்டும்?

"எப்படியாவது எடுத்துக் குடுத்துடு," என்றாள் அக்கா. அவள் அழவில்லை. அழுது முடித்தவளின் முகமாக இருந்தது. "வேற எதுவும் நான் உன்கிட்ட கேக்கல."

நடையில், ஸ்டோர் ரூமுக்கு எதிரே இருந்த சாப்பாட்டு மேஜையில் சின்னவள் கடையை விரித்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் குருவி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பேசுவாள், நிறுத்துவாள், சிரிப்பாள், மறுபடி பேசுவாள். பிள்ளைகள் தனியாக விளையாடுவது அப்படித்தான் என்று சின்னவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டிஸ்க்கைச் செருகினாள். விளக்கு எரிந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் உள்ளே தட்டு சுழல்கிற மெல்லிய அதிர்வு தெரிந்தது. அப்படியானால் செத்துவிடவில்லை. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

கேபிளை மாற்றினாள். போர்ட்டை மாற்றினாள். சில டிஸ்க்குக்கு லேப்டாப் தருகிற மின்சாரம் போதாது. அதனால் தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாக மாட்டிப் பார்த்தாள். செருகியிருக்கிற சாதனங்களை வரிசையாகக் காட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். கீபோர்டு இருந்தது, மவுஸ் இருந்தது, கேமரா இருந்தது. டிஸ்க் இல்லை. வாத்தியாரின் லேப்டாப்பை ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதில் மாட்டினாள். அதுவும் கையை விரித்தது. பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கிற வட்டை மட்டும் தனியாக மாட்டலாமா என்று பார்த்தாள். யூ.எஸ்.பி. வாயையே டிஸ்க்கின் பலகையோடு வைத்துப் பற்றவைத்திருந்தான் அதைச் செய்த புண்ணியவான். மறுபடி மூடித் திருகினாள்.

பேய்க்கதை கேட்க உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கேபிள் புராணம் சலிப்பாக இருக்கலாம். ஆனால் அவள் ஒன்றையும் விட்டுவைக்காமல் பார்த்தாள் என்பது தெரிந்தால்தான், பிறகு அவள் செய்த காரியத்தை மன்னிக்க முடியும்.

அவள் லேப்டாப்பில் ஓடுகிற லினக்ஸில் ஒரு வசதி உண்டு. எந்தப் பொருளைச் செருகினாலும் பிடுங்கினாலும், அந்த நொடியே கம்ப்யூட்டர் ஒரு வரி எழுதும். அந்த வரிகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கண் ஏமாற்றும், விளக்கு ஏமாற்றும், அந்த வரிகள் ஏமாற்றாது என்பது அவள் தொழில் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதை ஓடவிட்டாள். செருகினாள். ஒரு வரியும் வரவில்லை.

முன்னறையிலிருந்து வாத்தியார் இருமுகிற சத்தம் வந்தது. கழுத்து வழியாக வருகிற இருமல். அதற்கு மேல் அக்காவின் குரல்: "ஒரே ஒரு டம்ளர். எனக்காக. உங்க கால்ல வேணா விழறேன்."

அக்காவிடம் போய் என்ன சொல்வது? இனி முடியாது என்று சின்னவள் டிஸ்க்கிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள்.

திரையில் ஒரு வரி வந்தது.

புதிய சாதனம் கிடைத்தது.

அதன் கீழே டிஸ்க்கின் அளவு வந்தது. அதன் பெயர் வந்தது. வாத்தியார் அதற்கு வைத்திருந்த பெயரேதான்: அப்பா.

வலது கையில் டிஸ்க். இடது கையில் கேபிளின் வெறும் முனை. உள்ளங்கையில் சுழன்றுகொண்டிருந்த தட்டு மெல்ல மெல்ல அடங்கி நின்றது. திரையில் அது திறந்துகொண்டது.

செருகினாள். சாதனம் நீங்கியது என்று எழுதியது.

பிடுங்கினாள். புதிய சாதனம் கிடைத்தது.

எல்லாம் தலைகீழாக இருந்தது. வரி தாமதமாக வருகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். கேபிளையும் உருவிப் பைக்குள் திணித்தாள். இப்போது லேப்டாப்பில் எதுவுமே மாட்டியிருக்கவில்லை.

திரையில் அப்பா என்ற டிஸ்க் அப்படியே இருந்தது. உள்ளே வாத்தியார் பதிவு செய்த எல்லாமும் இருந்தன.

புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் முதல் நாளே சொல்கிற ஒரு விதி உண்டு. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத எதையும் எடுத்து உள்ளே வைக்காதே. அப்படி வைத்த ஒருவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறாள்.

முன்னறையில் டம்ளர் தரையில் உருண்டது. அதற்கப்புறம் அக்காவின் குரல் கேட்கவில்லை.

எங்கிருந்து வந்தால் என்ன, அத்தானுடைய குரல்தானே என்று நினைத்தாள். தண்ணீரில் தத்தளிக்கிறவனுக்குக் கிளையா பாம்பா என்று பார்க்கிற பொறுமை ஏது? காலி டிஸ்க்கை மாட்டி, எல்லாவற்றையும் நகலெடுக்கும்படி கட்டளை கொடுத்தாள்.

ஸ்டோர் ரூமில் பேச்சு நின்றது.

கதவு ஒரு சாண் திறந்தது. போர்வைகளின் பூச்சியுருண்டை வாடையும் தொண்டைக்குச் சப்புகிற மிட்டாயின் வாடையும் வந்தன. இடுக்கில் குருவியின் முகம்.

"சித்தி, என்ன எடுக்கற?"

"ஒண்ணுமில்லடா. சும்மா ஒரு வேல."

குருவி தலையைத் திருப்பி அறைக்குள் காதைக் கொடுத்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"பரவால்ல, எடுத்துக்கட்டும்னு சொல்றாரு."

கதவு சாத்திக்கொண்டது. யார் சொல்கிறார் என்று சின்னவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். அதற்குப் பயந்துதான்.

நகலெடுத்து முடிந்ததும், குரல் புரோகிராமை வாத்தியாரின் லேப்டாப்பில் ஏற்றி, முன்னறைக்குக் கொண்டுபோனாள். வாத்தியார் சாய்வு நாற்காலியில் சுவரைப் பார்த்துக் கிடந்தார். லேப்டாப்பை அவர் மடியில் வைத்தாள்.

"ஏதாவது அடிங்க அத்தான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நம்பிக்கை வைக்கவே பயந்தவரின் பார்வை. ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார்.

"குருவி," என்றது பிரேக் வாத்தியாரின் குரல்.

அதே கரகரப்பு, அதே சிரிப்பு. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடையில் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. குருவி வாசற்படியில் நின்று தலையைச் சாய்த்தாள்.

"அப்பா?"

"அப்பாதான். இங்க வா."

"இந்த ரூம்லயா இருக்க?"

வாத்தியார் மறுபடி தேடித் தேடி அடித்தார். "ஆமாண்டா. உன்னை நான் ஏமாத்துவேனா?"

குருவி கைகளை நீட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலியின் கை அகப்பட்டதும் ஏறி அவர் மடியில், லேப்டாப்புக்கும் வயிற்றுக்கும் நடுவில், தன்னை நுழைத்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த மனிதரின் மேல் அவருடைய பிள்ளையின் பாரம் இறங்கியது. அவர் அழுதார். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. அழுகையின் நடுவே அக்காவைப் பார்த்து, வயிற்றிலிருந்த குழாயைக் காட்டித் தலையை ஆட்டினார். கஞ்சியைச் சுட வைக்க அக்கா சமையலறைக்கு ஓடினாள்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடைக்கு வந்து மேஜை முன் உட்கார்ந்தாள். நன்றாகத்தானே முடிந்தது, இனி எதையும் நோண்டாதே என்று மனசு சொன்னது. ஆனால் தொழில்புத்தி யாரை விட்டது? நகலெடுத்ததை ஒரு முறை சரிபார்க்காமல் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. பதிவுகளைத் தேதி வரிசையில் அடுக்கினாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலையில் ஒரு பதிவு. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். போர்வைகள் தின்றுவிட்ட அந்த அறையின் மௌனம் முதலில் வந்தது. பிறகு அத்தான் தொண்டையைச் செருமினார்.

"படிக்க வேண்டியதெல்லாம் படிச்சாச்சு. இப்ப உனக்குத்தான் சொல்றேன், கேட்டுக்க. நாளைக்கு நான் போயிடுவேன். திரும்பி வந்தாலும் முழுசா வரப்போறதில்ல. நீதான் முழுசா இருக்கப் போற. இனிமே நீதான் அவளுக்கு அப்பா. யாருக்கும் விட்டுக் குடுக்காத."

பிறகு ஒரு சிரிப்பு. மரணபயத்தில் இருக்கிறவன் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சிரிக்கிற சிரிப்பு. தன் குரலிடமே பிள்ளையை ஒப்படைத்திருக்கிறார் மனிதர்.

அதுதான் கடைசிப் பதிவாக இருந்திருக்க வேண்டும்.

அதற்குக் கீழே இன்னும் இருந்தன.

ஆபரேஷன் நடந்த நாளின் தேதியில் ஒன்று. அதற்கு அடுத்த நாள் ஒன்று. அவர் குழாய்களுக்கு நடுவில் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் ஒவ்வொன்று. நேற்று ஒன்று. இன்று ஒன்று.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் டிஸ்க் அக்காவின் பீரோவில் பூட்டிக் கிடந்தது.

நடுவில் ஒன்றைத் திறந்தாள். அதே அறை, அதே மௌனம். குருவியின் சிரிப்பு கேட்டது. பிறகு அத்தானின் குரல், நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல:

"ஆஸ்பத்திரியிலேருந்து ஒருத்தர கூட்டிட்டு வருவாங்கடா. அப்பான்னு சொல்லுவாங்க. அம்மாவும் சொல்லுவா. நம்பாத. கழுத்தத் தொட்டுப் பாரு, தெரியும்."

சின்னவள் ஹெட்போனைக் கழற்றவில்லை, பிய்த்து எறிந்தாள். முன்னறைக்கு ஓடினாள்.

அங்கே எல்லாம் அமைதியாக இருந்தது. ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்தது. குருவி அவர் மார்பில் சாய்ந்திருந்தாள். வாத்தியார் அடித்துக்கொண்டிருந்தார், குரல் பேசிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து அவர் புன்னகை செய்தார். சாப்பிடுவேன் என்பதுபோல் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். அதற்காக இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்திருந்தார்.

"கண்ணு," என்றது குரல். "யாரு மடியில உக்காந்திருக்க?"

வாத்தியாரின் புன்னகை நின்றது.

"உன் மடியிலதாம்பா," என்றாள் குருவி.

"நான் இங்க ஸ்டோர் ரூம்லதானே இருக்கேன்."

அவர் வெறிபிடித்தவர்போல் அடித்தார். எழுத்துகள் திரையில் விழுந்தன: நான்தான். நான்தான் அப்பா. ஒன்றைக்கூடக் குரல் படிக்கவில்லை.

"கழுத்தத் தொட்டுப் பாருடா."

குருவியின் கை மேலே போனது. அவர் மோவாயைத் தாழ்த்தி மறைக்கப் பார்த்தார். பிஞ்சு விரல்கள் இடுக்கில் புகுந்து, தேடி, கண்டுபிடித்தன. அவள் இந்த முறை வீறிடவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். மடியிலிருந்து சறுக்கி இறங்கி, சுவரோடு ஒட்டி நின்றாள்.

சின்னவள் லேப்டாப்பைப் பறித்து மூடினாள். கவிழ்த்து, பேட்டரியைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள்.

"இந்தப் பக்கம் வா, கண்ணு," என்றது குரல்.

அது நடையிலிருந்து வந்தது. ஸ்டோர் ரூமிலிருந்து.

கஞ்சியோடு வந்த அக்கா வழியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் கேட்டது. "யாருடி அங்க பேசறது?" என்றாள், கிசுகிசுப்பாக. அவளைத் தாண்டி, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, குருவி நடந்தாள். அக்கா பிடிக்கப் பார்த்தாள். பிள்ளை அந்தக் கையை உதறினாள்.

"நீயும் பொய்தான் சொன்ன," என்றாள் குருவி.

சின்னவள் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, டிஸ்க்கைக் கீழே போட்டு, அம்மிக் குழவி மாதிரி கனமான இஸ்திரிப் பெட்டியால் அடித்தாள். ஓடு பிளந்தது. தட்டு நொறுங்கிச் சில்லுசில்லாகச் சிதறியது. நகலெடுத்த டிஸ்க்கையும் அடித்தாள். கை வலித்து அவள் நிறுத்தியபோது ஸ்டோர் ரூமில் குருவி சிரித்துக்கொண்டிருந்தாள். குரல் ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தது. பாதியில் தடுமாறவும் இல்லை, தேயவும் இல்லை.

சின்னவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன் என்று நினைத்தாள். இல்லை, அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது என்றும் நினைத்தாள். எது உண்மையானாலும் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். சாப்பிடாத உடம்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, அக்காவையும் அவளையும் தாண்டி, நடையின் கடைசிக்குப் போனார். ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே தொங்கும் போர்வைகளுக்கு நடுவே குருவி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே யாரும் இல்லை. ஒரு வெறும் நாற்காலி மட்டும் இருந்தது.

அவர் வாயைத் திறந்தார். உதடுகள் அவள் பெயரை முழுசாகச் சொல்லின. கழுத்துத் துளையிலிருந்து மூச்சு புஸ்ஸென்று வந்தது. இன்னும் பலமாகச் சொன்னார். இன்னும் பலமாகக் காற்று வந்தது.

குருவி தலையைத் திருப்பினாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒரு கணம் அவள் நெற்றி சுருங்கியது. தெரிந்த எதையோ தேடுவது போலிருந்தது.

"அப்பா, வாசல்ல யாரு?"

"யாருமில்ல, கண்ணு," என்றது பிரேக் வாத்தியாரின் குரல், அன்பாக. "வெறும் காத்து."

குருவி எழுந்து வந்து, காற்று உள்ளே வராமல் கதவைச் சாத்தினாள்.